ஒன்பதாம் நாளுக்கு இரண்டு பெயர்

என் அண்ணன் மேக்ஸ்வெல்லோடு தேக்கா உணவுக்கடைகளுக்குச் சாப்பிடப் போவதைப் போலப் பொறுமையைச் சோதிக்கிற வேலை இந்த ஊரில் வேறொன்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டத்தில் ஒரு மேசை காலியாவதை அவன்தான் முதலில் பார்ப்பான், கண் அப்படி. பார்த்துவிட்டு, "லொரைன், அங்க ஒரு டேபிள் காலி" என்று எனக்குச் செய்தியும் சொல்லிவிட்டு, பிரியாணி வரிசையில் போய் நின்றுகொள்வான். இந்த நாட்டில் பிறந்த எவரும் செய்கிற காரியத்தை, அதாவது பையிலிருந்து ஒரு டிஷ்யூ பொட்டலத்தை எடுத்து மேசைமேல் போட்டு இடம் பிடித்துவிட்டுப் போவதை, அவன் செய்யவே மாட்டான்.

"உக்காராத சீட் எப்படி நம்ம சீட் ஆகும்?" என்பான்.

இரண்டு தட்டுகளோடு திரும்பி வரும்போது அந்த மேசையில் ஒரு குடும்பமே உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருக்கும். அண்ணன் அவர்களைப் பார்த்து ஒரு புன்னகை செய்துவிட்டுத் தூணோரம் நின்று சாப்பிடுவான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

பிறந்ததிலிருந்தே அவன் அப்படித்தான். குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பையன்கள் பந்து விளையாடும்போது, பந்து தன் காலடிக்கு வந்தால் அதை யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிப்பான். அதற்குள் யாராவது வந்து உதைத்துக்கொண்டு போய்விடுவார்கள். வளர்ந்த பிறகு ஜூரோங்கில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தோம். நல்ல பெண், நல்ல வீடு, அவனுக்கும் பிடித்திருந்தது. "கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்" என்றான். அவன் யோசித்து முடித்துச் சரி என்று சொன்ன அன்று, அந்தப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. அந்தக் கல்யாணத்துக்கும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனான், போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டும் வந்தான். அதற்குப் பிறகு அம்மா அவனுக்குப் பெண் தேடுவதை விட்டுவிட்டார். அப்பாவும் அம்மாவும் போன பின்பு அதே வீட்டில் தனியாக இருக்கிறான். சந்தோஷமாகத்தான் இருக்கிறான், அதையும் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்ட மனிதனுக்குக் கடவுள் கொடுத்த வேலையைக் கேளுங்கள். நாடகம், கச்சேரி, பந்தாட்டம் என்று ஊரில் நடக்கிற எல்லாவற்றுக்கும் டிக்கெட் விற்கிற ஒரு நிறுவனத்தில் டேட்டாபேஸ் வேலை. ஒரே நாற்காலியை இரண்டு பேருக்கு விற்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவன் பொறுப்பு. அவனோடு வேலை பார்க்கிற அர்ஃபானை ஒருமுறை அவர்களுடைய ஆபீஸ் விருந்தில் பார்த்தேன். "அக்கா, உங்க அண்ணன் புதுசா யார் வந்தாலும் முதல் நாளே ஒரு பாடம் எடுப்பாரு" என்று சொல்லிவிட்டு அண்ணனின் குரலிலேயே பேசிக் காட்டினார். "சீட் காலியா இருக்கான்னு செலக்ட் பண்ணிப் பார்த்துட்டு, அப்புறமா அப்டேட் பண்ணாதீங்க. ரெண்டுக்கும் நடுவுல இன்னொருத்தன் புகுந்துடுவான். பார்க்குறதும் எழுதுறதும் ஒரே குவெரில, ஒரே கட்டளைல நடக்கணும்!" மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். பந்து காலடியில் வந்தும் உதைக்காதவன் ஊருக்கெல்லாம் உதைக்கக் கற்றுக்கொடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி எங்கள் கோயில் கதைக்கு வருகிறேன். வருஷா வருஷம் வேளாங்கண்ணி மாதா திருநாளுக்கு முன்னால் ஒன்பது நாள் நவநாள் நடக்கும். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் ஒரு குடும்பத்தின் உபயம். பூ அலங்காரம் அவர்களுடையது, பூசை முடிந்த பிறகு கேன்டீனில் சாப்பாடும் அவர்களுடையது. அதில் ஒன்பதாம் நாளுக்குத் தனி மவுசு. மறுநாள் திருநாள் என்பதால் அன்றைக்குத்தான் கோயில் நிரம்பி வழியும். அன்றைய உபயக்காரர்தான் பீடத்தின் படியேறிப் போய் மாதாவுக்குத் தன் கையால் மாலை போடுவார். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கேன்டீனில் கையைத் தூக்கி நாள் கேட்பார்கள். யார் கை முதலில் உயர்ந்தது என்று கேட்டால் போதும், ஒரு வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் போய்விடும். போன வருஷம் நடந்த சண்டையில் ஒரு தட்டு ரவா கேசரி காற்றில் பறந்தது. அதனால் நவநாள் பொறுப்பாளர் மரியஅந்தோணி அங்கிள் அண்ணனைப் பிடித்தார்.

"மேக்ஸ்வெல், நீதான் பெரிய பெரிய ஷோவுக்கெல்லாம் டிக்கெட் விக்கிற ஆளு. எங்களுக்கு இந்த ஒன்பது நாளை மட்டும் போன்ல புக் பண்ற மாதிரி செஞ்சு கொடுலா."

அண்ணன் செய்து கொடுத்தான். பக்கத்தைத் திறந்தால் ஒன்பது கட்டங்கள். காலியான கட்டத்தை அழுத்தினால் அடுத்த பக்கம் வரும். அந்த அடுத்த பக்கம்தான் அண்ணனின் அசல் கைவண்ணம். மேலே பெரிய எழுத்தில் 'நன்றாக யோசித்துவிட்டீர்களா?' என்று இருக்கும். அதற்குக் கீழே பூவுக்கு யார் பொறுப்பு, எத்தனை பேருக்குச் சாப்பாடு, பிளாஸ்டிக் தட்டு கூடாது, வாசகம் வாசிக்க யார் வருவார் என்று நீளமாக ஒரு பட்டியல். எல்லாவற்றையும் படித்துவிட்டுக் கடைசியில் 'யோசித்துவிட்டேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். மனிதர்கள் அவசரப்படக் கூடாது என்பது அவனுடைய கொள்கை அல்லவா.

இங்கே இருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதலாமவர் அந்தோனியம்மாள் ஆன்ட்டி. அண்ணனின் ஞானத்தாய். குரல் கேன்டீனில் கிளம்பினால் பீடம் வரை கேட்கும். ஞாயிறுதோறும் அண்ணனுக்கு ஆட்டெலும்பு ரசமும் இறால் சம்பாலும் டப்பாவில் போட்டுக் கொடுப்பார், அவன் தனியாள் என்று. எனக்குத் தர மாட்டார், எனக்குப் புருஷன் இருக்கிறானாம். ஒன்பதாம் நாள் என்றால் அது ஆன்ட்டியுடையது என்பது கோயிலில் பாதிப் பேரின் நினைப்பு. ஆன்ட்டியின் நினைப்பும் அதுதான்.

இரண்டாமவள் பெதானி. தோ பாயோவில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. எங்கள் கோயிலுக்கு வர ஆரம்பித்து அதிக காலம் ஆகவில்லை. அவள் கணவன் மார்வின் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். வேலையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தபோது, இனி நடப்பது கஷ்டம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அப்போது பெதானி மாதாவுக்கு ஒரு நேர்த்தி செய்துகொண்டாள். இவர் எழுந்து நடந்தால், நவநாளின் ஒன்பதாம் நாள் இவர் கையாலேயே உனக்கு மாலை போட வைக்கிறேன் என்று. இது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. நேர்த்தியை நிறைவேற்றும்வரை வெளியே சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் அவள். உங்களுக்கு மட்டும் நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து நடந்த கூத்தில் ஆபத்தில் இருந்தது அந்த மாலைதான்.

பதிவு திறக்கிற ஞாயிறு வந்தது. பூசை முடிந்து எல்லோரும் கேன்டீனில் கோப்பியும் போனுமாக நின்றோம். மரியஅந்தோணி அங்கிள் "ஸ்டார்ட்!" என்று கத்தினார். எல்லோரும் போனில் குனிந்தார்கள். பிறகு ஒரு மூலையிலிருந்து பெதானி, "கிடைச்சிருச்சு! ஒன்பதாம் நாள்!" என்று குதித்தாள். அவள் போனில் பச்சை நிறத்தில் 'உங்கள் பதிவு உறுதி' என்று இருந்தது. நாலு பேர் கை கொடுத்தார்கள். அந்தக் கைகுலுக்கல் முடிவதற்குள் இன்னொரு மூலையில் அந்தோனியம்மாள் ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒன்பதாம் நாள் எனக்கு உறுதி. இதோ பாருங்க."

அவர் போனிலும் அதே பச்சை.

பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம். கேசரி பறக்கவில்லை, அது ஒன்றுதான் குறை. "இந்தப் பொண்ணு ஏதோ படத்தைக் காட்டி ஏமாத்துது" என்று ஆன்ட்டியின் ஆட்கள் சொன்னார்கள். பெதானி முகம் சுண்டிப்போய் நின்றாள். மரியஅந்தோணி அங்கிள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பொதுப் பக்கத்தைத் திறந்தார். ஒன்பதாம் கட்டத்தில் அந்தோனியம்மாள் என்றுதான் இருந்தது. அத்தோடு பலருக்கு விஷயம் முடிந்துவிட்டது. அண்ணன் மட்டும் அந்தக் கட்டத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது.

அன்று மதியம் அவன் வீட்டில் மடிக்கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, மெதுவாக மூடினான்.

"என்னண்ணே?"

"நான் எழுதினது ரெண்டு குவெரி, லொரைன். கட்டத்தை அழுத்தும்போது காலியா இருக்கான்னு பார்க்க ஒண்ணு. 'யோசித்துவிட்டேன்' அழுத்தும்போது பேரை எழுத இன்னொண்ணு. நடுவுல அந்த லிஸ்ட்."

"அதுல என்ன?"

கேன்டீனில் இருக்கிற வெள்ளைப் பலகையை வைத்துச் சொன்னான். ஆன்ட்டி வந்து பலகையைப் பார்த்தார், காலி. பேனா எடுக்கத் திரும்பினார், அதாவது பட்டியலைப் படிக்க ஆரம்பித்தார். ஆன்ட்டி எதையும் ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படிக்கிறவர். அந்த நேரத்தில் பெதானி வந்து பலகையைப் பார்த்தாள், அப்போதும் காலிதான். அவள் பாலர் பள்ளி ஆசிரியை, எதையும் சரசரவென்று முடிப்பாள். பெயரை எழுதினாள், பச்சை வந்தது, குதித்தாள். ஆன்ட்டி படித்து முடித்தார். பலகை காலி என்று முதலிலேயே பார்த்தாயிற்றே, மறுபடி யார் பார்ப்பது? பெதானியின் பெயரை அழித்து அதன் மேலேயே தன் பெயரை எழுதிவிட்டார். அவருக்கும் பச்சை.

"அப்ப போர்டுல யார் பேர் இருக்கோ அவங்களுக்குத்தானே?"

"இல்ல. ஆன்ட்டி பேர் இருக்குறதுனாலதான் அது ஆன்ட்டிக்கு இல்ல. அவங்க முதல்ல எழுதியிருந்தா, பெதானி அதை அழிச்சிருப்பா. கடைசியா எழுதினவங்க பேர்தான் மிஞ்சும்."

எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபம் வந்தது. "ஆபீஸ்ல எல்லாருக்கும் கிளாஸ் எடுக்குற ஆளு நீ! கோயிலுக்கு மட்டும் எப்படிண்ணே இப்படி எழுதின?"

"நம்ம கோயில் ஆளுங்கதானே, அடிச்சுக்கவா போறாங்கன்னு நினைச்சேன். நிதானமா யோசிச்சுட்டு எழுதட்டும்னு நடுவுல இடம் விட்டேன்."

நம்ம ஆளுங்களாம், அடிச்சுக்க மாட்டாங்களாம்! இவன் எந்தக் கோயிலில் வளர்ந்தான் என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பெதானி அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். 'பரவாயில்லை, ஆன்ட்டியே எடுத்துக்கட்டும். எனக்காகச் சண்டை வேண்டாம்.' அண்ணன் அதை என்னிடம் காட்டினான். அவன் கண்ணில் ஒரு நிம்மதி தெரிந்தது. நான் அதைக் கண்டும் காணாதது போல இருந்தேன். ஞானத்தாயிடம் போய் எதுவும் சொல்ல வேண்டாம், எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவனுக்குப் பிடித்த வகை முடிவு அது. "இருந்தாலும் நேர்ல போய் ஒரு சாரி சொல்லிடுவோம்" என்றான். நானும் கூடப் போனேன்.

தோ பாயோவில் அவர்கள் புளோக்கை நெருங்கும்போதே மார்வினைப் பார்த்துவிட்டோம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து புளோக்குக்கு ஏறுகிற சிமெண்டுப் படிகளில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கைகளிலும் பிழியாத ஈரத்துண்டு ஒன்றைக் கயிறு மாதிரி முறுக்கி ஏந்தியிருந்தான். கைப்பிடிக் கம்பியைத் தொடவில்லை. ஒரு படி ஏறினான், நின்றான், இன்னொன்று ஏறினான். மேல்படியில் நின்ற பெதானி, "துண்டு இன்னும் மேல, மார்வின், இன்னும் மேல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கடைசிப் படியில் ஏறி, அந்தத் துண்டைத் தூக்கி அவள் கழுத்தில் போட்டான். அவள் சட்டை நனைந்து இருவரும் சிரித்தார்கள். அப்புறம்தான் எங்களைப் பார்த்தார்கள்.

அங்கேயே புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், வாய்ட் டெக்கில், கல்மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டோம்.

"அதுக்காக ஒன்பதாம் நாளை எனக்கே கொடுங்கன்னு நான் கேக்க மாட்டேன் அண்ணா" என்றாள் பெதானி. "அடுத்த வருஷம் செஞ்சுக்கலாம். ஆனா இந்த நேர்த்தி விஷயம் மட்டும் யாருக்கும் தெரிய வேணாம், ப்ளீஸ். சொன்னா ஆன்ட்டி பாவம் பார்த்து விட்டுக்கொடுத்த மாதிரி ஆயிடும்."

மார்வின் துண்டைப் பிழிந்துகொண்டே, "அடுத்த வருஷத்துக்குள்ள ஒரு துண்டுக்குப் பதிலா ரெண்டு துண்டு தூக்கப் பழகிடுவேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அவன் கால் மேசைக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

திரும்பி வரும் எம்ஆர்டி ரயிலில் அண்ணன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். வழக்கம்போல யோசிக்க ஆரம்பித்துவிட்டான், இனி திருநாள் முடிந்துதான் வாயைத் திறப்பான் என்று எனக்குள் பொருமினேன். ஆன்ட்டியிடம் சொல்லியாக வேண்டும், காரணத்தையோ சொல்லக் கூடாது. அண்ணனால் ஆகிற காரியமா இது?

அடுத்த ஞாயிறு கேன்டீனில் அந்தோனியம்மாள் ஆன்ட்டி தன் ஆட்கள் சூழ ஒன்பதாம் நாள் சாப்பாட்டைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் நேராகப் போய் எதிரே நின்றான்.

"உக்காருலா மேக்ஸ்வெல். பூரியா, பிரியாணியா, நீ சொல்லு."

"ஆன்ட்டி, ஒன்பதாம் நாள் பெதானிக்கு."

எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டான். அவன் வெள்ளைப் பலகைக் கதையை முழுவதும் சொல்லி முடித்தான். ஆன்ட்டி கேட்டார், புரிந்தும்கொண்டார். அவரை யாரும் குறைத்து எடைபோட வேண்டாம், மடக்குவதில் வக்கீல் தோற்றுப்போவார்.

"சரி. நான் முதல்ல அழுத்தினேனா இல்லையா?"

"அழுத்தினீங்க."

"ஹாக்கர் சென்டர்ல டிஷ்யூ வெச்சிட்டுச் சாப்பாடு வாங்கப் போறோம். திரும்பி வந்தா அது யாரு சீட்டு? வெச்சவங்க சீட்டு. நான் அழுத்தினது டிஷ்யூ வெச்ச மாதிரி. நீ கொடுத்த லிஸ்ட்டைத்தானே படிச்சிட்டு இருந்தேன்? படிக்காம அழுத்தினவளுக்குச் சீட்டு, படிச்சவளுக்கு இல்லையா? இது எந்த ஊர் நியாயம்?"

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். உண்மையைச் சொன்னால் நானும் ஆட்டிவிட்டேன். அவ்வளவு சரியாகப் பேசினார்.

"நீங்க வெச்ச டிஷ்யூவை என் ப்ரோக்ராம் டேபிள் மேல வைக்கவே இல்ல ஆன்ட்டி" என்றான் அண்ணன். "டேபிள் காலின்னு பார்த்துச்சு, அவ்வளவுதான். உங்க தப்பில்ல, பெதானி தப்பும் இல்ல, என் தப்பு. ஆனா முதல்ல வந்து உக்கார்ந்தது பெதானி. உக்கார்ந்தவங்களை எழுப்பிட்டுத்தான் உங்க பேர் அங்க இருக்கு."

"ஞானஸ்நானத்துல உன்னைக் கையில ஏந்தினவ நான்."

"ஆமா ஆன்ட்டி."

"அப்பவும்?"

"அப்பவும் பெதானிக்குத்தான்."

ஆன்ட்டி எழுந்தார். பையில் வைத்திருந்த ரச டப்பாவை எடுத்து, அண்ணனுக்குக் கொடுக்காமல், என் கையில் திணித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. ஞாயிறுதோறும் ஆட்டெலும்பு ரசம் எனக்கு வந்தது. என் வாழ்க்கையில் நான் சாப்பிட்ட மிக ருசியான ரசம் அது. அண்ணனுக்குக் கொஞ்சமும் கொடுக்கவில்லை, ஆன்ட்டி கேட்டால் பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

அண்ணன் அந்த வாரமே ஒன்பதாம் கட்டத்தில் பெதானியின் பெயரைப் போட்டு, ப்ரோக்ராமையும் திருத்தினான். இரண்டாக இருந்தது ஒரே வாக்கியமாயிற்று: இந்த நாள் காலியாக இருந்தால் இந்தப் பெயரை எழுது, எழுதிய வரியை அப்படியே திருப்பிக் காட்டு. பார்ப்பதும் எழுதுவதும் ஒரே மூச்சில். வரி திரும்பி வந்தால் இடம் உங்களுடையது, ஒன்றும் வராவிட்டால் வேறொருவர் முந்திவிட்டார். ஆன்ட்டி சொன்ன டிஷ்யூவையும் அதில் சேர்த்தான். கட்டத்தை அழுத்தியதுமே இடம் பிடிபட்டுவிடும், பட்டியலை நிதானமாகப் படித்துவிட்டு வேண்டாமென்றால் விட்டுவிடலாம். "ஆன்ட்டி சொன்னது சரிதான், அது இல்லாததுதான் குறை" என்று என்னிடம் ஒத்துக்கொண்டான். அதை அவரிடம் போய்ச் சொல்லேன் என்றேன். அவர்தான் பேசவில்லையே என்றான்.

மறுபடி எல்லோர் முன்னாலும் சோதித்துக் காட்ட வேண்டும் என்று மரியஅந்தோணி அங்கிள் பிடிவாதம் பிடித்தார். அண்ணன் பொய்யாக ஒரு பத்தாம் நாளை உண்டாக்கினான். கேன்டீனில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குத்துகுத்தென்று குத்தினோம். எல்லோருக்கும் 'மன்னிக்கவும்' என்று வந்தது, ஒரே ஒரு ஆளுக்குப் பச்சை. அது மரியஅந்தோணி அங்கிள். இல்லாத அந்தப் பத்தாம் நாளுக்கு என்ன சாப்பாடு போடப்போகிறார் என்று இன்றைக்கும் அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தோனியம்மாள் ஆன்ட்டி மூலையில் தனியாக உட்கார்ந்து, மீதியிருந்த ஐந்தாம் நாளைப் பதிவு செய்தார். பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படித்துவிட்டுத்தான்.

ஐந்தாம் நாள் அவர் போட்ட பிரியாணியை ஊரே பேசியது. ஒன்பதாம் நாளுக்கு வர மாட்டார் என்று பந்தயம் கட்டினார்கள். வந்தார். பட்டுப்புடவை கட்டி, முன்வரிசையில், நடுவில். நானும் அண்ணனும் அவருக்குப் பின்வரிசையில். அண்ணன் சுவரோரம் உள்ளே உட்கார்ந்திருந்தான். வெளியே வர வேண்டுமானால் என்னையும் இன்னும் சிலரையும் தாண்டித்தான் வர வேண்டும்.

பூசை முடிந்து மாலை போடும் நேரம் வந்தது. பெதானி போவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மார்வின் எழுந்தான். ஊன்றுகோலைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினான். தேக்காவில் சொல்லிக் கட்டிய மாலை, மல்லிகையும் ரோஜாவுமாகக் கனமானது. பெதானி அதை அவன் கைகளில் வைத்தாள். கோயிலில் கிசுகிசுப்பு ஓடியது. அவன் படியேற ஆரம்பித்தான். ஒரு படி, நின்றான். அடுத்தது, நின்றான். கடைசிப் படியில் கால் வைத்தபோது முழங்கால் மடங்கியது. மாலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

நான் 'ஐயோ' என்று வாயைத் திறந்தேன். சத்தம் வருவதற்குள் அண்ணன் அங்கே இருந்தான். என்னை எப்போது தாண்டினான், யார் காலை மிதித்தான், எனக்குத் தெரியாது. மார்வினுக்குப் பின்னால் நின்று இடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். மாலையில் ஒரு விரல்கூடப் படவில்லை. மார்வின் நிமிர்ந்தான், கைகளைத் தூக்கினான், இன்னும் தூக்கினான். மாலை மாதாவின் கழுத்தில் விழுந்தது.

அழுதேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பாதி கோயில் அழுதது. எனக்கு முன்னாலிருந்த பட்டுப்புடவையும் குலுங்கிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி திரும்பினார். முகமெல்லாம் ஈரம்.

"இதை ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நேர்த்தி ஆன்ட்டி. சொல்லக் கூடாதுன்னுட்டா."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் அன்னிக்கு அவ்வளவு பேச்சையும் வாங்கிட்டு நின்னானா?"

நான் தலையை ஆட்டினேன். ஆன்ட்டி மூக்கைச் சிந்திக்கொண்டு பீடத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

கேன்டீனில் பெதானியின் சாப்பாடு. இடமில்லாமல் பலர் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். அண்ணனும் தட்டோடு ஒரு தூணைத் தேடிக்கொண்டிருந்தான். அந்தோனியம்மாள் ஆன்ட்டி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். தன் தட்டிலிருந்த கறித்துண்டுகளையெல்லாம் அவன் தட்டுக்கு மாற்றினார்.

"ஆன்ட்டி, நான் வந்து…" என்று ஆரம்பித்தான்.

"நான் இன்னும் உங்கிட்ட பேசல" என்றார் ஆன்ட்டி. "சாப்பிடு."